ரேடியேட்டரை எண்ணாமல் பாய்லர் வாங்காதே

அமெரிக்காவின் வடகிழக்கில், நியூயார்க், பாஸ்டன், ஃபிலடெல்ஃபியா போன்ற ஊர்களில், 1880-க்கும் 1930-க்கும் நடுவில் கட்டிய ஏராளமான வீடுகள் நீராவியால் சூடாக்கப்பட்டவை. அவற்றில் பல இன்னும் அதே வார்ப்பிரும்பு ரேடியேட்டர்களோடு இருக்கின்றன. பிறகு பம்பு வைத்துச் சுடுநீர் ஓட்டும் முறை பரவியது. நீராவி தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்தார்கள், அவர்களுக்குத் தெரிந்ததும் அவர்களோடு போயிற்று. டேன் ஹோலோஹன் என்பவர் அதைத் தேடிச் சேர்த்து 1992-ல் புத்தகமாகக் கொண்டுவந்தார். அதற்கு ‘நீராவிச் சூட்டின் தொலைந்த கலை’ என்று பொருள்படும் தலைப்பை வைத்தார். தலைப்பு மிகை இல்லை. இன்றும் நீராவி வீட்டுக்குப் புது பாய்லர் வைக்க வருகிறவர்களில் பலருக்குச் சுடுநீர் பாய்லர்தான் தெரியும். இந்த வேலையைப் புதிதாகக் கற்க வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

1. பழைய பாய்லரின் தகட்டைப் பார்த்துப் புது பாய்லருக்கு ஆர்டர் கொடுக்காதே. நிலவறைக்குள் இறங்கி, தகட்டில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே அளவுக்கு விலை சொல்லிவிட்டுப் போவது ஐந்து நிமிட வேலை. அந்தத் தகடு எப்படி அங்கே வந்தது என்று யோசி. அதை வைத்தவர் அதற்கு முந்தைய பாய்லரின் தகட்டைப் பார்த்திருப்பார். அந்த முந்தையது நிலக்கரி பாய்லராக இருந்திருக்கலாம். விடிய விடியத் தணல் அணையாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே நிலக்கரி பாய்லரைப் பெரிதாகச் செய்தார்கள். பிறகு அதில் எண்ணெய் பர்னரை மாட்டினார்கள், அடுத்து எரிவாயு வந்தது. இடையில் யாரோ சமையலறையைப் புதுப்பித்தபோது இரண்டு ரேடியேட்டரைக் கழற்றிப் போட்டிருப்பார்கள். தகடு இதில் எதையும் சொல்லாது.

2. வீட்டின் வெப்ப இழப்பைக் கணக்கிட்டும் நீராவி பாய்லரின் அளவைத் தீர்மானிக்காதே. சுடுநீர் முறையில் அது சரி. சன்னல் எத்தனை, சுவர் எவ்வளவு கனம், வெளியே எவ்வளவு குளிர் என்று கணக்குப் போட்டு, அதற்கு ஏற்ற பாய்லரை வைக்கலாம். நீராவியில் அது செல்லாது. நீராவி போகும் வழியில் குளிர்ந்த இரும்பு எதிர்ப்பட்டால் அங்கேயே தண்ணீராகிவிடும். பாய்லர் சிறியதாக இருந்தால் பக்கத்து ரேடியேட்டர்கள் எல்லா நீராவியையும் விழுங்கிவிடும். மாடியின் கடைசி அறைக்கு ஒன்றும் எட்டாது. 1918-ன் இன்ஃப்ளூயென்சாவுக்குப் பிறகு, குளிர்காலத்திலும் சன்னலைத் திறந்து வைத்து நல்ல காற்று வர வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. அதற்கேற்ப ரேடியேட்டர்களைத் தாராளமாகப் போட்ட வீடுகள் பல. இன்று அதே வீட்டில் இரட்டைக் கண்ணாடிச் சன்னல், சுவருக்குள் காப்பு எல்லாம் வந்திருக்கும். வெப்ப இழப்பு பாதியாகக்கூடக் குறைந்திருக்கலாம். ரேடியேட்டர் மட்டும் அன்று இருந்த அளவிலேயே இருக்கிறது. பாய்லர் நிரப்ப வேண்டியது அதைத்தான்.

3. ஆகவே அறை அறையாகப் போ. கையில் அளவு நாடாவும் ஒரு தாளும் இருந்தால் போதும். ஒவ்வொரு ரேடியேட்டரிலும் மூன்றைக் குறி: உயரம், பக்கவாட்டில் பார்த்தால் தெரியும் தூண்களின் எண்ணிக்கை, மொத்தம் எத்தனை பிரிவுகள். பழைய தூண் ரேடியேட்டர்களில் 38 அங்குல உயரத்தில் ஒரு தூண் என்றால் பிரிவுக்கு 3 சதுர அடி, இரண்டு தூண் என்றால் 4, மூன்று தூண் என்றால் 5. இந்தச் சதுர அடி தொழிலில் இ.டி.ஆர். என்ற கணக்கு. தரையின் பரப்போடு அதற்குச் சம்பந்தம் இல்லை. அறை 70 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இருக்கும்போது, நீராவி நிறைந்த ரேடியேட்டர் ஒரு சதுர அடிக்கு மணிக்கு 240 பி.டி.யு. வெப்பம் தரும் என்பது அதன் பொருள். மற்ற உயரங்களுக்கும் குழல் வகை ரேடியேட்டர்களுக்கும் அட்டவணை உண்டு. அதைப் பையில் வைத்துக்கொள். பெட்டிக்குள் தகடு தகடாக இருக்கும் கன்வெக்டருக்குத் தனி அட்டவணை வேண்டும், அதைக் கண்ணால் மதிப்பிடாதே.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். முன்னறையில் மூன்று தூண், 38 அங்குலம், 12 பிரிவு: 60 சதுர அடி. சாப்பாட்டு அறையில் அதே வகை 10 பிரிவு: 50. சமையலறையில் இரண்டு தூண், 38 அங்குலம், 8 பிரிவு: 32. மாடிப்படிக் கூடத்தில் மூன்று தூண், 26 அங்குலம், 10 பிரிவு. இதில் பிரிவுக்கு 3¾ என்பதால் 37½. படுக்கையறைகள் மூன்று: 40, 36, 30. குளியலறையில் ஒற்றைத் தூண் 6 பிரிவு: 18. கூட்டினால் 303½, 304 என்று வைத்துக்கொள். 240-ஆல் பெருக்கினால் 72,960 பி.டி.யு. பழைய பாய்லரின் தகட்டில் இரண்டு லட்சம் என்று இருந்தாலும், இந்த வீட்டின் ரேடியேட்டர்கள் கேட்பது இவ்வளவுதான்.

எண்ணும்போது வீட்டுக்காரரிடம் கேள்: இதற்கு முன் எங்கேயாவது ரேடியேட்டர் கழற்றினீர்களா, இனிமேல் கழற்றும் எண்ணம் உண்டா, பரணிலோ மூடிய வராந்தாவிலோ இன்னொன்று இருக்கிறதா? கட்டிலுக்குப் பின்னாலும் மரப்பெட்டிக்குள்ளும் ஒளிந்திருப்பதை விட்டுவிடாதே.

4. பாய்லர் அட்டவணையில் மூன்று எண்கள் இருக்கும். உள்ளே எரிக்கும் எரிபொருளின் வெப்பம் ஒன்று. தண்ணீருக்குப் போய்ச் சேரும் மொத்த வெப்பம் இன்னொன்று. மூன்றாவது நிகர அளவு, அதைச் சதுர அடியாகவே அச்சிட்டிருப்பார்கள். உன் 304-ஐ இந்த மூன்றாவது எண்ணோடு மட்டும் ஒப்பிடு. மொத்த வெப்பத்தை 1.333-ஆல் வகுத்துத்தான் நிகர அளவைப் போடுகிறார்கள். குழாய்களில் போகும் வெப்பத்துக்கும், குளிர்ந்து கிடக்கும் இரும்பைச் சூடேற்றும் வெப்பத்துக்குமான ஒதுக்கீடு அதிலேயே அடங்கிவிட்டது. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று மேலும் ஒரு கால் பங்கைச் சேர்க்காதே. அந்த ‘எதற்கும்’ ஏற்கெனவே சேர்க்கப்பட்டுவிட்டது.

நம் உதாரண வீட்டுக்கு 275 சதுர அடியில் ஒரு மாடலும் 325-ல் ஒரு மாடலும் கிடைக்கிறது என்று வை. 275-ன் மொத்த வெப்பம் 88,000. ரேடியேட்டர்களுக்கு 72,960 போக 15,000 பி.டி.யு. மிஞ்சும். குழாய் முழுவதும் நன்றாகக் காப்பு சுற்றியிருந்தால் இதுவே போதும் என்று வாதிடும் அனுபவசாலிகள் உண்டு, அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. ஆனாலும் புதிதாக வரும் நீ 325-ஐ எடு. அதற்கு அடுத்த பெரிய அளவுக்கு மட்டும் போகாதே.

5. பெரிய பாய்லர் வீட்டுக்கு நல்லது என்று வீட்டுக்காரர் நம்புவார். அவருக்கு விளக்கிச் சொல். ரேடியேட்டர்கள் குளிர்வித்து வாங்கிக்கொள்ளும் வேகத்தைவிட வேகமாக நீராவி உண்டானால் அழுத்தம் ஏறும், பர்னர் நின்றுவிடும். அழுத்தம் இறங்கியதும் மறுபடி எரியும், மறுபடி நிற்கும். ஒவ்வொரு முறையும் எரிபொருள் வீண், உறுப்புகளுக்கும் தேய்மானம். பாய்லருக்குள் தண்ணீர் கொந்தளித்து நீராவியோடு மேலேறிக் குழாய்க்குள் போகும். குழாய் இடிக்கும், காற்று வால்வுகளிலிருந்து தண்ணீர் பீறிடும். நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழலில் தண்ணீர் மறைந்தால் தானியங்கி நிரப்பி புதுத் தண்ணீரை விடும். பிறகு மேலே போன தண்ணீரெல்லாம் திரும்பி வரும்போது பாய்லர் நிரம்பி வழியும்.

6. பழைய பாய்லரை உடைத்து வெளியே எடுப்பதற்கு முன், அதன் நீர்மட்டம் தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று அளந்து சுவரில் கோடு போட்டு வை. இதைச் செய்யாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். பழைய வார்ப்பிரும்பு பாய்லர்கள் உயரமானவை. புதியவை குள்ளம். நிலவறையைச் சுற்றி ஓடும் திரும்புகுழாய்களில் சில, பழைய நீர்மட்டத்துக்குக் கீழே எப்போதும் தண்ணீர் நிறைந்து நின்றவை. அந்தத் தண்ணீர்தான் ஒரு குழாயின் நீராவி இன்னொரு குழாய்க்குள் பின்பக்கமாக நுழையாமல் தடுத்தது. புது பாய்லரின் மட்டம் தாழ்ந்ததும் அந்தக் குழாய் வறண்டுபோகும், நீராவி எதிர்த்திசையில் பாயும். நூறு ஆண்டாகச் சத்தமில்லாமல் இருந்த வீடு, பாய்லர் மாற்றிய முதல் குளிரிலேயே இடிக்கத் தொடங்கும். கோளாறு பாய்லரில் இல்லை, மட்டத்தில். சிமென்ட் கட்டைகளை அடுக்கிப் பாய்லரை உயர்த்தினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

உயர்த்துவதற்கும் எல்லை இருக்கிறது. பாய்லரின் நீர்மட்டத்துக்கும், நீராவி போகும் குழாய்களில் மிகத் தாழ்ந்து இருக்கும் இடத்துக்கும் நடுவில், நீராவியும் திரும்பும் தண்ணீரும் ஒரே குழாயில் போகும் ஒற்றைக் குழாய் முறை வீட்டில் 28 அங்குலமாவது வேண்டும். திரும்பும் தண்ணீருக்கு பம்பு கிடையாது. அது அந்த உயரத்தில் அடுக்கி நின்று, தன் எடையாலேயே பாய்லருக்குள் இறங்குகிறது. ஒரு பி.எஸ்.ஐ. அழுத்தத்தை எதிர்க்கவே சுமார் 28 அங்குலத் தண்ணீர் நிற்க வேண்டும் என்பதை நினைவில் வை.

7. பழைய பாய்லரிலும் குழாயிலும் வெள்ளையாக, சாம்பல் நிறமாகப் பூச்சோ சுற்றோ இருந்தால் கை வைக்காதே. அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கக்கூடும். உரிமம் பெற்றவர்கள் வந்து எடுத்த பிறகுதான் உன் வேலை. வீட்டுக்காரர் அவசரப்படுத்தினாலும் சரி, உன் முதலாளி சொன்னாலும் சரி, துகளைக் கிளப்பாதே. அந்த வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். உனக்கும் நுரையீரல் இருக்கிறது.

8. பாய்லரை ஒட்டி வரும் குழாய் பாய்லரின் ஓர் உறுப்பு. இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் மனத்தில் நிறுத்துவதானால் இதை நிறுத்து. பழைய பாய்லர்களில் தண்ணீருக்கு மேலே பெரிய வெற்றிடம் இருந்தது. நீராவி அங்கேயே நிதானித்து, துளிகளை உதிர்த்துவிட்டு மேலே போனது. புதியவற்றில் அந்த இடம் மிகக் குறைவு. அதன் வேலையை வெளியே நீ கட்டும் ஹெடர், அதாவது பாய்லரிலிருந்து மேலேறும் குழாய்கள் வந்து சேரும் படுத்த குழாய்தான் செய்ய வேண்டும். இல்லாவிட்டால், கொப்பரையில் தண்ணீர் அதிகமாகி அடித்தட்டு இட்லி ஊறிப்போவதைப் போல வீடு முழுவதும் ஈர நீராவிதான் போகும். ஈர நீராவி ரேடியேட்டருக்குப் போவதற்குள் தண்ணீராகிவிடும், எரித்த எரிபொருள் குழாயிலேயே தொலையும்.

ஹெடரின் அடிப்பகுதி, பாய்லரின் நீர்மட்டத்துக்கு மேல் குறைந்தது 24 அங்குலத்தில் இருக்கட்டும். இடம் இருந்தால் இன்னும் உயர்த்து. தயாரிப்பாளரின் குறிப்பில் குழாயின் அளவு இரண்டு அங்குலம் என்று இருந்தால் அதற்குக் குறைக்காதே, ஹெடரை ஓர் அளவு கூட்டினால் நல்லது. குழாய் அகலமானால் நீராவி மெதுவாகப் போகும், தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போகாது. பாய்லரில் இரண்டு வாய் இருந்தால் இரண்டையும் பயன்படுத்து. ஒன்றை அடைத்தால் செலவு மிச்சம்தான், ஆனால் மீதி வாயில் வேகம் இரட்டிப்பாகும். இரண்டு ஏற்றக் குழாய் வைத்தால் எல்போக்களைத் திருப்பிப் போட்டு, சூட்டில் இரும்பு நீளும்போது அசைய இடம் கொடு. நேராக இறுக்கிக் கட்டினால் பாய்லரின் வார்ப்பிரும்புப் பிரிவுகள் ஒன்றையொன்று விட்டு விலகி ஒழுகும்.

வரிசை முக்கியம். முதலில் பாய்லரின் ஏற்றக் குழாய்கள், அடுத்து வீட்டுக்குப் போகும் குழாய்கள், கடைசியில் ஈக்குவலைசர், அதாவது ஹெடரின் முனையிலிருந்து தண்ணீரைப் பாய்லரின் அடிக்குத் திருப்பும் குழாய். இரண்டு ஏற்றக் குழாய்களுக்கு நடுவிலிருந்து வீட்டுக்குப் போகும் குழாயை எடுக்காதே. அங்கே இரு பக்கத்து நீராவியும் மோதித் தண்ணீரை வீட்டுக்குள் தள்ளும். வீட்டுக்கு இரண்டு குழாய் போகிறது என்றால் ஒவ்வொன்றையும் ஹெடரில் தனித்தனி டீயிலிருந்து எடு. ஒரே டீயின் அடியில் நீராவியை விட்டு, இரு பக்கத்திலும் வெளியே எடுப்பது குறுக்கு வழி, அதைக் கண்டால் கழற்றிச் சரி செய். ஹெடர் ஈக்குவலைசரை நோக்கிச் சற்றுச் சரிந்திருக்கட்டும். குழாயின் அளவைக் குறைக்க வேண்டுமானால் அது கீழே திரும்பிய பிறகே. படுத்த குழாயில் குறைத்தால் அங்கே தண்ணீர் தேங்கும்.

9. ஹார்ட்ஃபோர்ட் லூப்பை விட்டுவிடாதே. கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டில் இருந்த பாய்லர் பரிசோதனை, காப்பீட்டு நிறுவனம் 1919-ல் இதைக் கொண்டுவந்தது. அதற்கு முன், தரையோரம் ஓடும் திரும்புகுழாய் அரித்து ஓட்டை விழுந்தால் பாய்லரின் தண்ணீர் முழுவதும் அதன் வழியாக வெளியேறிவிடும். நெருப்பு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். பாய்லர் வெடித்தே வீடுகள் போயின. லூப்பில், திரும்புகுழாய் மேலேறி வந்து, நீர்மட்டத்துக்கு இரண்டு அங்குலம் கீழே ஈக்குவலைசரோடு சேர்கிறது. குழாய் உடைந்தாலும் தண்ணீர் அந்த மட்டம் வரைதான் இறங்கும். அந்தச் சேருமிடத்தில் மிகக் குட்டையான நிப்பிள், அதாவது இணைப்புக் குழாய்த் துண்டு போடு. நீளமாகப் போட்டால் அங்கே நீராவி மாட்டிக்கொண்டு இடிக்கும். இன்று தண்ணீர் குறைந்தால் பர்னரை நிறுத்தும் கருவி எல்லா பாய்லரிலும் உண்டு. அதனால் லூப் வேண்டாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. கருவி பழுதாகும், குழாயின் வடிவம் பழுதாகாது.

10. நீராவிப் பக்கம் செம்புக் குழாய் வேண்டாம். கருப்பு எஃகுக் குழாயில் மரை போட்டுக் கட்டு. செம்பு எஃகைவிட அதிகம் நீளும், ஒவ்வொரு முறை சூடாகும்போதும் சாலிடர் இணைப்பை இழுக்கும். மரை போடும் வேலை கடினம், நேரமும் ஆகும். அதற்கான கூலியை முன்கூட்டியே விலையில் சேர்த்துச் சொல்.

11. காற்று வெளியேறாமல் நீராவி உள்ளே நுழையாது. பாய்லர் அணைந்திருக்கும்போது குழாய் முழுவதும் காற்றுதான். வீட்டுக்குப் போகும் முதன்மைக் குழாய்களின் முடிவில் பெரிய காற்று வால்வு வேண்டும், அதன் வழியே காற்று விரைவாகப் போகட்டும். ரேடியேட்டரில் இருப்பது மெதுவான வால்வாக இருக்கட்டும். அப்போதுதான் நீராவி முதலில் குழாயை நிரப்பி, எல்லா ரேடியேட்டர்களுக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் போய்ச் சேரும். பெரிய வால்வைக் குழாயின் கடைசி எல்போவிலேயே மாட்டாதே. சுமார் 15 அங்குலம் தள்ளி, ஒரு நிப்பிளில் உயர்த்தி வை. ஓடி வரும் தண்ணீர் கடைசி முனையில் அறையும்போது வால்வு பழுதாகும். ‘பாய்லர் மாற்றியும் முன்னறை சூடாகவில்லை’ என்ற புகாரில் பாதி, வேலை செய்யாத காற்று வால்வில் முடியும்.

12. அழுத்தத்தைக் குறைத்து வை. அரை பி.எஸ்.ஐ.-யில் எரியத் தொடங்கி, ஒன்றரையில் நிற்கட்டும். அழுத்தத்தைக் கூட்டினால் தூர அறை சூடாகும் என்பது தவறான நம்பிக்கை. கூட்டினால் திரும்பும் தண்ணீர் தடைபடும், எரிபொருள் செலவு கூடும். சரியான அளவு பாய்லராக இருந்தால், சாதாரண நாளில் அழுத்தமானி முள் அசைவதே தெரியாது. அழுத்தக் கட்டுப்பாட்டின் கீழே சுருண்டிருக்கும் குழாயை ஒவ்வோர் ஆண்டும் கழற்றிச் சுத்தம் செய். அது அடைத்துக்கொண்டால் கட்டுப்பாடு குருடாகிவிடும்.

13. பாய்லரை ஏற்றி வைத்ததும் சுத்தம் செய்யாமல் போகாதே. மரை போட்டபோது ஒட்டிய எண்ணெயும், புது வார்ப்பின் எண்ணெயும் தண்ணீரின் மேலே படலமாக மிதக்கும். கொதிக்கும்போது நுரைக்கும், கண்ணாடிக் குழலில் தண்ணீர் மேலும் கீழும் துள்ளும். அடியில் வடித்தால் படலம் போகாது, தண்ணீர் இறங்க இறங்க அதுவும் இறங்கிப் பாய்லரின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பக்கவாட்டில் இதற்கென்றே விட்டிருக்கும் துளையில் குழாய் மாட்டு. தண்ணீரைச் சூடாக்கு, கொதிக்க விடாதே. பென்சில் கனத்துக்கு மெல்லிய ஓட்டமாக மேல் தண்ணீரை வழிய விடு. மணிக்கணக்காக ஆகும். ஒரு வாரம் ஓடிய பிறகு மறுபடி வந்து ஒரு முறை செய். இந்த இரண்டாவது வருகையை விலையில் சேர்த்துக்கொள், வீட்டுக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிடு.

14. நீராவி வீட்டுக்குப் புதுத் தண்ணீர் அதிகம் தேவைப்படக் கூடாது. 300 சதுர அடி ரேடியேட்டர் முழுவதும் சூடாக இருக்கும்போது மணிக்குச் சுமார் 9 கேலன் தண்ணீர் நீராவியாகப் போய்த் திரும்புகிறது. திரும்பாமல் போனால் எங்கேயோ ஒழுகுகிறது. புதுத் தண்ணீரோடு ஆக்சிஜன் வந்து வார்ப்பிரும்பை நீர்மட்டத்தில் அரிக்கும். நிரப்பும் குழாயில் சிறு மீட்டர் ஒன்றைப் பொருத்து. தரைக்குள் புதைந்த பழைய திரும்புகுழாய் இருந்தால், புது பாய்லரோடு அதையும் மாற்றச் சொல். மறுத்தால் எழுதி வாங்கிக்கொள்.

15. புகைபோக்கியைப் பார். பெரிய பாய்லருக்குக் கட்டிய அகலமான புகைபோக்கியில் சிறிய பாய்லரின் புகை குளிர்ந்து நீராகி, செங்கல்லை அரிக்கும். தேவையானால் உள்ளே குழாய் விடச் சொல். படுக்கையறைப் பக்கம் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாத வீட்டில் பாய்லரைப் பற்றவைத்துவிட்டு வராதே.

16. 95 சதவீதத் திறன் பாய்லர் கேட்கும் வீட்டுக்காரரிடம் பொறுமையாகப் பேசு. சுடுநீர் பாய்லரில் குளிர்ந்த தண்ணீர் திரும்பி வந்து, புகையிலுள்ள ஈரத்தையும் குளிர்வித்து வெப்பத்தைப் பிடிக்க முடியும். நீராவி பாய்லரில் தண்ணீர் 212 டிகிரியிலேயே இருக்கிறது, புகை அதற்குக் கீழே குளிர வழியில்லை. 2021 முதல் நடப்பில் உள்ள கூட்டரசு விதியில் எரிவாயு நீராவி பாய்லருக்குக் குறைந்தபட்சம் 82 சதவீதம், எண்ணெய்க்கு 85. இந்த எண்ணில் அதிகம் தேட ஒன்றுமில்லை. மிச்சம் பிடிக்கக்கூடியது சரியான அளவிலும், நிலவறைக் குழாய்களுக்கு ஓர் அங்குலக் கண்ணாடி இழைக் காப்பு சுற்றுவதிலும்தான்.

17. மொத்தச் சதுர அடி, ஒவ்வொரு அறையின் கணக்கு, நீர்மட்டம், அழுத்த அமைப்பு, சுத்தம் செய்த தேதி, இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு, பாய்லர் பக்கத்துச் சுவரில் தொங்கவிடு. ஒரு பாய்லர் இருபது, முப்பது ஆண்டு ஓடும். அதை மாற்ற வருகிறவர் தகட்டைப் பார்த்து ஆர்டர் கொடுக்காமல் இருக்க அந்தத் தாள் உதவும். எழுதித் தொங்கவிடாமல் நிலவறையை விட்டு மேலே வராதே.